நீளம் அவருக்கு, துளை எனக்கு

ஒஸ்லோவின் ரொம்சோஸில் என் வீட்டுச் சமையலறை யன்னல் விளிம்பில் ஓர் உருக்குத் துண்டு கிடக்கிறது. என் சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பெருவிரல் தடிப்பு. நடுவில் பென்சில்கூட நுழையாத ஒரு துளை. ஒரு முனையில் மரை வெட்டியிருக்கிறது. மற்ற முனை இரும்பறுக்கிற வாள் பட்டபடியே சொரசொரப்பாக இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே நீளப் பள்ளங்களாய்த் தவாளிப்புகள் மெல்ல முறுக்கிக்கொண்டு போவது தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயின் துண்டு என்று தாங்களே முடிவு செய்து வைத்துவிடுவார்கள். நானும் திருத்துவதில்லை. இது ஒரு துவக்கின், துப்பாக்கியின், குழல் துண்டு. அறுத்தவன் நான். அறுக்கச் சொன்னவர் என் அண்ணன். துவக்கு எங்கள் இருவருடையதும் அல்ல. அது மச்சாளுடையது.

மச்சாள் என்றால் அண்ணனின் மனைவி. நான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் வடகோடிக் கடற்கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அம்மருட்டில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிவந்திருந்தார்கள். மச்சாளுக்கு ஐந்தடியைத் தொட்டும் தொடாத உயரம். வருஷக்கணக்காக மீன் பிளந்த கை; வெங்காயம் வெட்ட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கண் கரிக்குமுன் முடித்துவிடுவார். அவர் பேசிய நொர்வேஜிய மொழி முழுக்க முழுக்க அந்த வடக்குக் கடற்கரைக்காரருடையது. ஒஸ்லோக்காரர்கள் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் கதைக்கச் சொல்லுவார்கள். மச்சாளும் சளைக்காமல் கதைப்பார். ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஏறுகிற பாதையில்தான் ஒருநாள் அந்த மானைக் கண்டார்.

இங்கே மான் ஒன்றும் அதிசயமில்லை. காட்டு விளிம்பிலிருந்து இறங்கி வந்து வீட்டுத் தோட்டங்களில் பூமொட்டு தின்கிற சின்ன மான்கள், ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும். அன்று ஒன்றைக் கார் அடித்துவிட்டது. பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. அடித்தவர் பொலிசுக்கு அறிவித்துவிட்டு நின்றிருக்கிறார். இப்படிக் காயப்பட்ட மிருகங்களைத் தேடிப்பிடித்து வலி தீர்க்க நகரசபையின் கீழ் ஒரு குழு உண்டு. அந்த ஆள் வந்து சேர நெடுநேரமாயிற்று. வந்தும், அவர் கொண்டுவந்த பெரிய காட்டுமான் துவக்கை வீடுகளுக்கு நடுவில், பின்னால் பாறை இருக்கிற இடத்தில் வைத்துச் சுட முடியவில்லை. இன்னொருவரை அழைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரமும் மச்சாள் மானின் தலைமாட்டில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்: “அது குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினது. எல்லாரும் நிண்டு பாத்தினமே ஒழிய ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு.” அந்தக் குழுவில் தானும் சேரப்போவதாக அடுத்த வாரமே சொன்னார்.

அண்ணன் இதை முதலில் பகிடி என்று நினைத்தார். வேட்டைப் பரீட்சைக்கான புத்தகம் வீட்டுக்கு வந்தபோதும் சிரித்தார். ஐம்பது வயதுக்குப் பிறகு பரீட்சை எழுதி மச்சாள் சித்தியடைந்தபோது சிரிப்பு நின்றது. பிறகு, மோப்பம் பிடித்துப் போகப் பழக்குவதற்கென்று குட்டைக்காலும் நீள உடலுமாய் ஒரு நாய் வந்தது. எங்கள் சனத்தில் நாய் வளவுக்குள் நிற்கலாம், வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் ஏழாம் மாடியில் வளவுக்கு எங்கே போவது? அண்ணன் ஒரு மாதம் நாயைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவரே மீன் குழம்பில் முள் எடுத்துச் சோறு பிசைந்து வைத்தார். நாயை ஏற்றுக்கொண்டார், துவக்கை ஏற்க மாட்டேன் என்றார். “துவக்கு இந்த வாசலால உள்ள வந்தா நான் அதே வாசலால வெளியில போவன்,” என்று சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அண்ணன் சத்தம் போட்டால் பயமில்லை, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். மெதுவாகச் சொன்னால் சொன்னதுதான்.

அவர் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. ஊரில் எனக்கு நினைவு தெரியாத வயதில், யாரோ தெரிந்தவர் கெஞ்சிக் கேட்டதற்காக எங்கள் வீட்டில் ஒரே ஓர் இரவு ஒரு துவக்கை வைத்திருந்தார்களாம். விடிந்ததும் அது போய்விட்டது. ஆனால் தேடி வந்தவர்கள் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அப்பா திரும்பி வந்தார்; ஒரு காது மட்டும் அதன் பிறகு கேட்கவில்லை. துவக்கை வாங்கி உள்ளே வைத்தது அண்ணனின் கை. அப்போது அவருக்குப் பதின்வயது. இதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நான் ஒஸ்லோவில் துவக்குப் பட்டறை ஒன்றில் லேத் வேலைக்குச் சேர்ந்தபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் கேட்பவர்களுக்கு மட்டும், “தம்பிக்குக் குழாய் வேலை,” என்று சொல்லி வைத்தார். அதை நம்பி எத்தனையோ பேர் எனக்கு ரெலிபோன் எடுத்துத் தங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று முறையிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்த் திருத்தியும் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இருவரும் சண்டை பிடித்தால் நடுவில் நிற்கலாம். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. “சோறு போடட்டோ?” “ஓம்.” “கறி காணுமோ?” “காணும்.” இவ்வளவுதான் பேச்சு. பிள்ளைகள் படிப்பு முடித்து வேறு நகரங்களில் இருந்தார்கள். வீட்டில் இரண்டு பேரும் ஒரு நாயும். நடையில் இருந்த அலுமாரிக்குள் துவக்கை வைப்பதற்கான இரும்புப் பெட்டகம் வந்து சுவரோடு பூட்டப்பட்டாகிவிட்டது. சட்டப்படி அதன் இரகசிய எண் மச்சாளுக்கு மட்டும்தான் தெரியலாம். கட்டிய புருஷனுக்கும் சொல்லக்கூடாது. அண்ணன் அதைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வெறும் பெட்டகத்துக்கே இப்படி என்றால் துவக்கு வரும் நாளில் என்ன ஆகும் என்று நான் பயந்தேன். அண்ணன் உடுப்புப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். மச்சாள் அதைத் தாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் விட்டுக்கொடுக்கவும் மாட்டார் என்பதும் தெரிந்தது.

துவக்குச் செய்யச் சொல்ல மச்சாள் பட்டறைக்கு வந்த நாளில், அழைக்காமலே அண்ணனும் பின்னால் வந்தார். என் வேலையிடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கதவருகே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலும் படாமல் நின்றார். என் முதலாளி அறுபதைக் கடந்த, அதிகம் கதைக்காத மனிதர். நரி மாதிரியான சின்ன மிருகங்களுக்குத் துவக்குச் செய்யக் கேட்டு வருகிற எல்லாரிடமும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: சன்னம் தவறினால் எங்கே போய் விழும்? எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிய வயல்வெளிகளில், பனிக்கு மேல், முன்னூறு மீற்றருக்கு அப்பால் போகிற நரியைச் சுட விரும்புகிறவர்கள். அவர்களுக்கு நீளக் குழல் சரி. குழல் நீள நீள வெடிமருந்து முழுதாக எரிந்து சன்னம் வேகமெடுக்கும், அவ்வளவு தூரத்திலும் தாழாமல் நேரே போகும், பாரமும் இருப்பதால் துவக்கு ஆடாது. மச்சாள் தன் வடக்குப் பேச்சில் சொன்னார்: “என்னுடையது பத்து மீற்றர். கூடினால் முப்பது. சொறி பிடித்த நரி, கார் அடித்த மான். பின்னால் வீடு, பாறை, விளையாடுகிற பிள்ளைகள்.” முதலாளி கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

அப்படியென்றால் குட்டைக் குழல்தான், நாற்பத்தெட்டு சென்ரிமீற்றர் போதும் என்றார் அவர். சத்தம் அடக்க முன்னால் சைலன்சர் பூட்டும்போது அதுவே இன்னும் ஒரு சாண் நீளம் கூட்டிவிடும். குழல் குட்டையானால் சன்னத்தின் வேகம் கொஞ்சம் குறையும். பத்து மீற்றரில் அந்தக் குறைவு மானுக்கும் தெரியாது, நரிக்கும் தெரியாது. புதருக்குள், கார்களுக்கு இடையில் திருப்ப முடிவதுதான் பெரிய விஷயம். மச்சாள் தலையாட்டினார். அப்போது கதவருகில் இருந்து அண்ணனின் குரல் வந்தது.

“தம்பி, அவரிட்டைச் சொல்லு. நீளமா வேணும்.”

எனக்கு விளங்கவில்லை. துவக்கே வேண்டாம் என்றவர் நீளத்தைப் பற்றிக் கதைக்கிறாரே என்று மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் திரும்பவே இல்லை. அவருடைய கழுத்து மட்டும் விறைத்து நின்றது. அண்ணன் தொடர்ந்தார்: “எடுக்கிறதெண்டா இருக்கிறதுக்குள்ள நீளமா எடுக்கட்டும். கிட்டப் போகாம, தூர நிண்டு சுடக்கூடிய மாதிரி. கிட்டப் போறவைதான் சாகிறது.” நீளக் குழல் என்றால் அது ஒன்றும் தூரத்தைக் கட்டாயமாக்காது, நீளத்தால் குறி திறமாகிவிடுவதும் இல்லை, குட்டைக் குழல் இன்னும் விறைப்பானது, இந்த வேலைக்கு நீளம் இடைஞ்சல் என்று நான் தமிழில் விளங்கப்படுத்தினேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். “நீ குழாய் வேலைக்காரன், உப்பிடித்தான் சொல்லுவாய்,” என்றார். எங்கள் ஆட்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினாலும் கலியாண மண்டபம் பிடித்தாலும் பெரியதைத்தான் எடுப்பார்கள், பெரியது பிழைக்காது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அண்ணனின் குரலில் அந்தப் பெருமை இல்லை, பயம்தான் இருந்தது. என்ன சொல்கிறார் என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மச்சாளே பதில் சொன்னார்: “அறுபத்தாறு சென்ரிமீற்றர்.” முதலாளி, அது பிழையான தெரிவு என்று ஒரு தடவை நேராகவே சொன்னார். மச்சாள் மறுபடியும் அறுபத்தாறு என்றார்.

பிறகு கலிபர், அதாவது குழலின் துளைக்கும் தோட்டாவுக்கும் உரிய அளவு. அதில் முதலாளிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கிற, எல்லாரும் வாங்குகிற இருநூற்றிருபத்துமூன்றைத்தான் அவர் சொன்னார். மேசையில் அந்தத் தோட்டாப் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்தார். சின்னச் சன்னம், உடலுக்குள் போனதும் உடைந்து சிதறிவிடும்; மறுபக்கத்தால் வெளியேறி ஊர் சுற்றாது. மச்சாள் பெட்டியைக் கையில் எடுத்து அதில் எழுதியிருந்ததை வாசித்தார். வாசித்துவிட்டு எழுத்துப் பக்கம் கீழே படுகிற மாதிரிக் கவிழ்த்து வைத்தார். “இது வேண்டாம். இருநூற்றிருபத்திரண்டில் செய்யுங்கள்,” என்றார். அது பழைய சாதி. நரிக்காரர்களுக்குப் பிடித்தமானதுதான், ஆனால் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டும். துளை இரண்டுக்கும் ஒன்றேதான், தோட்டாவின் கூட்டில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. முதலாளி இரண்டு தடவை கேட்டும் மச்சாள் அசையவில்லை.

அண்ணன் வெளியே போய்க் காருக்குள் ஏறிய பிறகு நான் மச்சாளைப் பிடித்துக்கொண்டேன். “மச்சாள், உந்த நீளம் உங்களுக்குச் சரிவராது. உங்கட உயரத்துக்கு அதைத் தூக்கித் திருப்பவே ஏலாது.” மச்சாள் கையுறையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “தெரியும் தம்பி. நீளம் அவருக்கு. துளை எனக்கு. அவர் வீட்டை விட்டுப் போகாம இருக்கிறதுக்கு அது ஒரு பதினெட்டு சென்ரிமீற்றர்தானே.”

குழலை நான்தான் கடைந்தேன். முனையில் சைலன்சருக்கு மரை வெட்டும்போது, இது பிழை, இது பிழை என்று லேத் சொல்வது மாதிரியே இருந்தது. பொலிசின் அனுமதி வந்து, இலையுதிர் காலத்தில் துவக்கு வீட்டுக்குப் போனது. நான் அன்று முழுக்க ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வெளியேறவில்லை. ஆனால் சில நாட்களில் ஆயுத பூசை வந்தது. வீட்டில் வேலை செய்கிற எல்லாப் பொருளுக்கும் அண்ணன்தான் சந்தனப் பொட்டு வைப்பார். காருக்கு வைத்தார், குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்தார், தையல் மெசினுக்கு, மச்சாள் பாட்ஸ்பியோர்ட்டில் இருந்து கொண்டுவந்த மீன் கத்திக்கு வைத்தார். நாயின் நெற்றியிலும் ஒன்று வைத்தார், அது உடனே நக்கப் பார்த்தது. நடையில் இருந்த பெட்டகத்துக்கு மட்டும் வைக்கவில்லை. மச்சாள் சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, வாழைப்பழம் உரிப்பதாகப் பாவனை செய்தேன்.

அடுத்து வந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சாளுக்கு அழைப்பு வந்தது. நடந்து போகத் தூரமான ஒரு தெருவில் ஒரு மான். வழக்கமாகக் குழுவில் இருக்கும் ஒருவர்தான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார். அவர் அன்று பள்ளத்தாக்கின் மறுகோடியில் வேறொரு வேலையில் நின்றார். மச்சாளுக்குக் கார் ஓடத் தெரியாது. எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு, கார் இல்லை; அண்ணனின் சாவியைக் கேட்கவும் துணியவில்லை. மச்சாள் பெட்டகத்தைத் திறந்து துவக்கை உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு நடையில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் கையைக் கழுவினார், துடைத்தார், சாவியை எடுத்தார். உறை காரின் பின்பக்கத்தில் குறுக்காகவும் கொள்ளவில்லை, நெடுக்காகவும் கொள்ளவில்லை. கடைசியில் முன் இருக்கையைச் சரித்து, அவர்கள் இருவருக்கும் நடுவால் விட வேண்டியிருந்தது. நான் பின்னால் ஏறிக்கொள்ள, அண்ணன் தோளைச் சுருக்கிக்கொண்டு காரை ஓட்டினார்.

மான் வீதியிலிருந்து இழுபட்டு, கார்க் கொட்டில்களின் பின்சுவருக்கும் ஒரு பாறைக்கும் இடையில், தாழ்ந்த தேவதாருக் கிளைகளுக்குக் கீழே போய்க் கிடந்தது. வீதியில் நின்று பார்த்தால் தலை தெளிவாகத் தெரிந்தது. சுட வேண்டும் என்றால் அங்கிருந்தே சுடலாம். அண்ணன் ஆசைப்பட்ட தூரம் அதுதான். ஆனால் தலைக்கு நேர் பின்னால் பனிக்கட்டி உறைந்த பாறை, அதற்கு மேல் விளையாட்டிடம். சன்னம் தவறினால் எங்கே போகும் என்ற கேள்விக்கு அங்கே நல்ல பதில் ஏதும் இல்லை. மச்சாள் செம்மஞ்சள் மேலங்கியோடு பள்ளத்துக்குள் இறங்கினார். பக்கத்தில் போய், மேலிருந்து கீழாக, மண்ணை நோக்கித்தான் சுட வேண்டும். துவக்கைத் தோளுக்கு உயர்த்தியபோது குழலின் முனை கிளைகளில் சிக்கியது. பின்னால் நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டியது. கிளை அசையும் ஒவ்வொரு தடவையும் மான் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, விழுந்தது, கத்தியது. மச்சாள் சொன்னது சரிதான். பிள்ளை கத்துவது மாதிரியேதான் இருந்தது.

பால்கனிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் ரெலிபோனை நீட்டிப் படம் எடுத்தார். துவக்கோடு நிற்கும் அந்தப் பொம்பிளை யார், பொலிசைக் கூப்பிடுங்கள் என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். நான் வீதிக் கரையில் நின்று, இவர் நகரசபையின் ஆள், பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சாள் மூன்றாவது தடவையும் உயர்த்திப் பார்த்துவிட்டு, துவக்கை இறக்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். மீன் கத்தி பிடித்த அந்தக் கைக்கு இங்கே திருப்ப இடம் கிடைக்கவில்லை. அண்ணன் அதுவரை காருக்குள், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிப்போனார்.

“தலையை மூடுங்கோ,” என்றார் மச்சாள். “கண் தெரியாட்டி அடங்கும். அதின்ர கால் படாம, பின்பக்கத்தால போங்கோ.” அண்ணன் முழங்காலில் இருந்து கோட்டை மானின் முகத்தில் போர்த்தினார். மான் மூச்சு வாங்கியது, ஆனால் அசையாமல் கிடந்தது. அவர் எழுந்து வந்து மச்சாளின் பக்கத்தில், அரையடி பின்னால் நின்று, குறுக்கே நின்ற கிளையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழல் அவருடைய முகத்துக்கு முன்னால் நீண்டு கிடந்தது. அவர் ஒரு காலத்தில் வாங்கி உள்ளே வைத்ததும் இதேபோல ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

“கண்ணை மூடுங்கோ,” என்றார் மச்சாள்.

“இல்லை. நீர் சுடும். நான் பிடிச்சிருக்கிறன்.”

மச்சாள் தோட்டாவைத் திரும்பப் போட்டு, சுவரோடு ஒட்டி, உடம்பை வளைத்து, துவக்கின் பிடியைத் தோளுக்கு வெளியே அக்குளுக்குள் கொடுத்துச் சாய்ந்து நின்றார். அப்படிச் சுடக்கூடாது, வேறு வழியும் இல்லை. ஒரு பலகை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மான் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மச்சாள் போய்க் கோட்டைத் தூக்கி, கண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, தலையாட்டினார். அண்ணன் மட்டும் கிளையை விடவில்லை. மச்சாள் வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கிளையில் இருந்து கழற்ற வேண்டியிருந்தது. “முடிஞ்சுது,” என்றார். “இஞ்சருங்கோ, முடிஞ்சுது.” இருவரும் அந்தப் பள்ளத்துக்குள் நின்றதை மேலே இருந்து பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தவர் ரெலிபோனை இறக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் பட்டறையைத் திறக்குமுன் அவர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள். மச்சாள் துவக்கை மேசையில் வைத்தார். அண்ணன் இந்தத் தடவை கதவருகே நிற்கவில்லை, மேசைக்கு வந்து, குழலின் மேல் தன் கையை விரித்து வைத்தார். சுண்டுவிரல் முனையில், பெருவிரல் எங்கே வந்ததோ அங்கே நகத்தால் கீறிக் காட்டினார். “உதில வெட்டு.” முதலாளி அளந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்ன நாற்பத்தெட்டிலிருந்து நூல் வித்தியாசம்தான். அவர் வாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உருக்கை அறுத்தால் ஒட்ட முடியாது என்று நான் அண்ணனிடம் சொன்னேன். “ஒட்டத் தேவையில்லை,” என்றார். அறுத்து, வாய் விளிம்பைக் கடைந்து சீராக்கி, புதிய மரை வெட்டி முடியும் வரைக்கும் லேத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். சூடாக விழுந்த துண்டை நான் துணியால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மச்சாளுக்குச் சாரதி அண்ணன்தான். அழைப்பு வந்தால் அந்தப் பழைய கோட்டை எடுத்துக்கொண்டு முதலில் கீழே இறங்குவது அவர். வேலை ஒவ்வொரு தடவையும் கடினமாகத்தான் இருந்தது, திரும்பி வரும்போது இருவர் முகத்திலும் களை இருக்காது. ஆனால் சோற்று மேசையில் பேச்சு திரும்பி வந்தது. அடுத்த ஆயுத பூசையன்று அண்ணன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, நடையில் பெட்டகத்துக்கு முன் நின்று, கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனம் முழுவதையும் எடுத்து அதன் கதவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். மச்சாள் உடனே குசினிக்குள் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் அந்தத் தோட்டாப் பெட்டியை ஏன் கவிழ்த்து வைத்தார் என்று சொன்னார். ஊரில் அந்த ஓர் இரவு வீட்டில் வைத்த துவக்கோடு ஒரு பெட்டியும் இருந்ததாம். கலியாணமான புதிதில், ஒரே ஒரு தடவை, அண்ணன் அதில் இருந்த எண்ணை மச்சாளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பட்டறை மேசையில் இருந்த பெட்டியிலும் அதே எண் எழுதியிருந்தது. “அவர் அதை வீட்டில காணக்கூடாது எண்டுதான் மற்றதை எடுத்தனான்,” என்றார். துளை எனக்கு என்று சொன்னவர் அதையும் அவருக்காகத்தான் எடுத்திருக்கிறார்.

மச்சாள் போய் இப்போது இரண்டு குளிர்காலம் ஆகிறது. நோய் நுரையீரலில் வந்தது, ஆஸ்பத்திரியில் அதிக நாள் வைத்திருக்கவில்லை. அவர் துணி வெளுத்த அதே ஆஸ்பத்திரி. படுக்கை விரிப்பின் மடிப்பைப் பார்த்து, இப்ப இருக்கிறவைக்கு மடிக்கத் தெரியாது என்று தாதியிடம் குறை சொன்னார். அண்ணன் கட்டிலோடு ஒட்டி, நாற்காலியையும் தவிர்த்து, நின்றுகொண்டே இருந்தார். தள்ளி இருங்கோ, களைக்கும் என்று மச்சாள் சொன்னாலும் கேட்கவில்லை. பெட்டகத்தின் எண்ணை மச்சாள் என்னிடம் சொன்னார், துவக்கு வைத்திருக்க அனுமதியுள்ளவன் நான் என்பதால். பிறகு நான் போய்த் திறந்தபோது உள்ளே துவக்குக்கு மேல் தட்டில் அவருடைய நகைப்பெட்டி இருந்தது. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதானே என்று நினைத்திருக்கிறார். அண்ணன் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். துவக்கு இப்போது அதே குழுவில் உள்ள ஓர் இளம்பெண்ணிடம் இருக்கிறது. குட்டைக் குழல், கைக்கு அடக்கம் என்று அவள் சொல்கிறாள். அவளை ஏற்றிக்கொண்டு போகவும், நாயைப் பிடிக்கவும், மிருகத்தின் கண்ணை மூடவும் அண்ணன் இன்னும் போகிறார்.

போன ஞாயிறு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நாய் மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலடியில் நின்று தேத்தண்ணி குடித்தவர், கோப்பையை வைத்துவிட்டு, விளிம்பில் கிடந்த துண்டை எடுத்தார். இத்தனை வருஷமாக அதை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு கையை விரித்து, சுண்டுவிரலில் இருந்து பெருவிரல் வரை அதை வைத்து அளந்தார். விரல்கள் கொஞ்சம் சுருங்கிவிட்டன, ஆனாலும் சரியாகத்தான் இருந்தது.

“இவ்வளவுதான்ரா,” என்றார். “இவ்வளவு தூரம்தான் நான் அவளைச் சாவில இருந்து தள்ளி நிப்பாட்டப் பாத்தனான்.”

அவர் அதைச் சட்டையில் ஒரு தடவை துடைத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.